தடை ஆணையில் ஒரு பத்தி குறைகிறது

தருமபுரி மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. கடலைப் பார்க்க வேண்டுமானால் கிழக்கே ஒரு பகல் முழுக்கப் பயணம் போக வேண்டும். அதனால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கடற்கரை, ஆறு, அருவி எல்லாமே ஒகேனக்கல்தான். புதுமணத் தம்பதி, மொட்டையடித்த குழந்தை, கருமாதி முடித்துத் தலைமுழுக வந்தவர்கள், பள்ளிச் சுற்றுலா வந்த மாணவர்கள் என்று யாரானாலும் பென்னாகரம் தாண்டி மலை இறங்கிக் காவிரியில் தலை நனைத்துவிட்டுத்தான் வீடு திரும்புவார்கள். நானும் அப்படித்தான். சின்ன வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து போனேன். பிறகு என் பிள்ளைகளைத் தோளில் வைத்துப் போனேன். எப்போது போனாலும் கூட்டம் இருந்தது. ஆடிப்பெருக்குக்குப் போயிருக்கிறேன், பொங்கல் விடுமுறைக்குப் போயிருக்கிறேன். சீசன் இல்லாத நாளில் அந்த ஊர் எப்படி இருக்கும் என்று ஐம்பது வயது வரை நான் யோசித்ததே இல்லை.

போன மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை போனேன். பிளஸ் டூ தேர்வு நடந்துகொண்டிருந்த நேரம். பென்னாகரத்தில் பஸ் கிளம்பும்போது உள்ளே எட்டுப் பேர். மலைப்பாதையில் இறங்க இறங்க, இருபக்கமும் இலையுதிர்ந்த மரங்கள். மழைக்காலத்தில் பச்சைச் சுவர்போல் நிற்கிற காடு இப்போது ஊடுருவிப் பார்க்கிற மாதிரி வெளுத்துக் கிடந்தது. 'யானைகள் கடக்கும் பகுதி' என்று வனத்துறை வைத்த பலகைகள் மட்டும் நன்றாகத் தெரிந்தன. இறங்கும் இடத்தில் எங்களைச் சூழ்ந்துகொள்ள யாரும் வரவில்லை. சீசன் நாளில் பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னலோரம் நான்கு பேர் ஓடி வருவார்கள்: பரிசலா, மசாஜா, ரூமா, மீன் சமைக்கணுமா என்று. அன்று ஒருவர் தலை தூக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடி கைபேசிக்குள் குனிந்துகொண்டார்.

அருவிக்குப் போகிற பாதையின் இருபுறமும் கடைகள். பாதிக்கு மேல் இழுத்து மூடிக்கிடந்தன. திறந்திருந்த கடைகளில் பிளாஸ்டிக் பந்துகள், துண்டுகள், உள்ளாடைகள் எல்லாம் சீசன் நாளில் தொங்குவது போலவே தொங்கின. மேலே புழுதி படிந்திருந்தது. வறுத்த மீனை அடுக்கிவைக்கும் தட்டுகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. மிளகாய்த்தூள் தடவிய மீன் எண்ணெயில் பொரிகிற வாசம் இல்லாமல் அந்தத் தெருவை நான் நடந்ததே இல்லை. வாசம் இல்லாதபோதுதான் அந்தத் தெரு எவ்வளவு குறுகலானது, எத்தனை பேரின் பிழைப்பை அது தோளில் சுமக்கிறது என்பது கண்ணில் படுகிறது.

எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் ஆறேழு பேர் ஒரு கட்டைச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தலைக்கும் உடம்புக்கும் எண்ணெய் தேய்த்து, நரம்பு நரம்பாக நீவி, முதுகில் தட்டித் தாளம் போட்டு அனுப்புகிற அந்தக் கைகளுக்கு அன்று வேலையில்லை. ஒருவர் தன் இடது உள்ளங்கையை வலது கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருந்தார். பழக்க தோஷம் போலும். குரங்குகள் மட்டும் பரபரப்பாக இருந்தன. சுற்றுலாப் பயணிகள் போடுகிற பொரியையும் வாழைப்பழத்தையும் நம்பிப் பழகிவிட்ட குரங்குகளுக்குப் பயணிகள் வராத நாள் பட்டினி நாள். என் கையில் இருந்த தண்ணீர் பாட்டிலைக்கூட ஒன்று பிடுங்கப் பார்த்தது.

மீன் சமைத்துத் தரும் ஓர் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஏற்பாடு தெரியாமல் இருக்கலாம். ஒகேனக்கல்லில் நாமே மீன் வாங்கி, கோழி வாங்கி, அரிசி வாங்கிக் கொடுத்தால், அவர்கள் பாத்திரமும் மசாலாவும் விறகும் போட்டுக் குழம்பு வைத்து, மீன் வறுத்து, சோறாக்கி, நாம் குளித்துவிட்டு வரும்போது இலை போட்டுப் பரிமாறுவார்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. குளித்துவிட்டு வந்த பசியில் சாப்பிடுகிற அந்தச் சோற்றின் ருசியைப் பெங்களூருக்காரரும் சேலத்துக்காரரும் வருஷக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த அம்மாவுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். என்னைத் தம்பி என்றே கூப்பிட்டார்.

"சீசன்னா கை ஓயாது தம்பி. ஒரு நாளைக்கு நாலு குடும்பத்துக்கு ஆக்கிப் போட்டிருக்கறேன். இப்போ அடுப்பு பத்தவெச்சு மூணு நாளாச்சு. நம்ம வீட்டு அடுப்ப சொல்லல, இத சொல்றேன்" என்றார். மகன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருக்கிறான். மருமகளும் கூடவே. பேரன் இவரிடம் இருக்கிறான், ஏழாவது படிக்கிறான். தண்ணீர் வந்தால் மகன் திரும்பிவந்து பரிசல் போடுவானாம். "எப்போ வருவான்?" என்று கேட்டேன். "டிவில போடுவாங்கல்ல, அத்தன கன அடி, இத்தன கன அடின்னு. அத பாத்துட்டு அவனே வந்துருவான்" என்றார்.

ஆற்றுக்கு இறங்கினேன். மெயின் அருவியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. ஆனால் அது பாறையை மூடி விழவில்லை. பாறையின் இடுக்குகளில் தேடித் தேடி விழுந்தது. தண்ணீர் கொட்டும் வேகத்தில் எழும் சாரல் புகையாய்த் தெரிவதால் கன்னடத்தில் 'ஹொகே' (புகை), 'கல்' என்று இந்தப் பெயர் வந்தது என்பார்கள். அன்று புகை இல்லை, கல் இருந்தது. அதுவும் எப்பேர்ப்பட்ட கல்! ஒகேனக்கல் பகுதியில் காணப்படும் கார்பனடைட் என்ற பாறைக்கு ஏறத்தாழ 240 கோடி ஆண்டு வயது என்று புவியியலாளர்கள் கணித்திருக்கிறார்கள். உலகில் கண்டறியப்பட்ட மிகப் பழைய கார்பனடைட்டுகளில் அதுவும் ஒன்று. வெள்ளத்தில் சுழன்ற கற்கள் குடைந்த வட்டக் குழிகள், உரல் உரலாகப் பாறை முழுக்க. வெள்ள நாளில் தண்ணீருக்கு அடியில் என்ன வேலை நடக்கிறது என்பதை வறண்ட நாள்தான் காட்டுகிறது. சினி அருவி, ஐந்தருவி, தொங்கு பாலம் என்று நாம் பெயர் சொல்லிப் படம் பிடிக்கிற இடங்களெல்லாம் இந்த எலும்புக்கூட்டின் மேல் ஆறு போர்த்திக்கொண்ட சதை என்று தோன்றியது.

எலும்புக்கூட்டின் இடுக்குகளில் நாம் விட்டுப்போனவையும் தெரிந்தன. ஷாம்பு பாக்கெட், எண்ணெய் பாக்கெட், கிழிந்த துணி, ஒற்றைச் செருப்பு, கண்ணாடிச் சில்லு. நீர்மட்டம் ஏறும்போது இவையெல்லாம் இங்கிருந்து நேராக மேட்டூர் அணைக்குப் போகும்.

பரிசல் துறையில் பரிசல்கள் கவிழ்ந்து கிடந்தன. மூங்கிலைப் பிளந்து பத்தை பத்தையாகப் பின்னி, வெளிப்புறம் பிளாஸ்டிக் தாள் ஒட்டித் தார் பூசிய வட்டக்கூடை. அந்தக் காலத்தில் தாருக்குப் பதில் எருமைத் தோல் போர்த்துவார்கள். ஒருவர் தன் பரிசலைப் பாறையில் சாய்த்து, அதன் நிழலில் படுத்திருந்தார். நான் நெருங்கியதும் எழுந்து, "சவாரியா சார்? ஆழம் இருக்கற எடத்துல மட்டும் கொஞ்ச தூரம் போலாம்" என்றார். எந்த ஊர் என்று கேட்டார். பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம் என்றதும் 'சார்' போய் 'அண்ணா' வந்தது. சவாரியை விட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தோம். அவர் சொன்ன ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன்.

"தண்ணி இல்லன்னா ஆளு வராதுங்கண்ணா. தண்ணி வந்தா எங்கள விட மாட்டாங்க."

பல சுற்றுலா ஊர்களுக்குச் சீசன் இல்லாத காலம் ஒன்றுதான். ஒகேனக்கல்லுக்கு இரண்டு. மாசி, பங்குனி, சித்திரையில் ஆறு மெலிந்து பயணி வராத காலம் ஒன்று. ஆடி, ஆவணியில் ஆறு பெருகி, பயணி ஆயிரக்கணக்கில் வரத் தயாராக இருந்தும் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை போடுகிற காலம் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே, தண்ணீர் கூடுதலும் இல்லாமல் குறைவும் இல்லாமல் ஓடுகிற நாட்கள்தான் இந்த ஊரின் சம்பாத்தியம். அந்த நாட்கள் எத்தனை என்பதை ஊரில் யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அது மேலே பிலிகுண்டுலுவில் தெரியும்.

காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைகிற இடம் பிலிகுண்டுலு. மத்திய நீர்வள ஆணையத்தின் அளவீட்டு நிலையம் அங்கே இருக்கிறது. தினமும் செய்தித்தாளின் ஒரு மூலையில் 'ஒகேனக்கல்லில் நீர்வரத்து இத்தனை கன அடி' என்று நாம் படிக்கிறோமே, அந்த எண்ணைத் தஞ்சாவூர் விவசாயி நாற்றங்காலை நினைத்துப் படிக்கிறார். மேட்டூர்க்காரர் அணையின் 120 அடியை நினைத்துப் படிக்கிறார். பரிசல் ஓட்டி அதை அரிசிக் கணக்காகப் படிக்கிறார். மூவரில் முதல் இருவருக்காக நீதிமன்றம் வரை வாதாடினோம், வாதாட வேண்டியதுதான். மூன்றாவது ஆளைப் பற்றி எந்த வழக்கிலும் எந்த ஆணையத்திலும் பேச்சு எழவில்லை.

2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி கர்நாடகம் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. தண்ணீரை பிலிகுண்டுலுவில் தர வேண்டும். அதற்கு மாதவாரிக் கணக்கு உண்டு. ஜூலையில் 31.24 டி.எம்.சி., ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76. பிப்ரவரி முதல் மே வரை மாதத்துக்கு 2.5 டி.எம்.சி. மட்டும். ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாதம் 2.5 டி.எம்.சி. என்றால் விநாடிக்கு ஆயிரம் கன அடிக்கும் கொஞ்சம் குறைவு. ஆகஸ்ட் மாதப் பங்கைப் பிரித்தால் விநாடிக்கு சராசரியாக 17 ஆயிரம் கன அடி. ஆயிரத்தில் அருவி களையிழந்து கிடக்கும். 17 ஆயிரம் வந்தால் தடை ஆணை எப்போது வருமோ என்று பரிசல் துறை காத்திருக்கும். அதாவது தீர்ப்பு ஒரு சொட்டுப் பிசகாமல் நிறைவேறினாலும் ஒகேனக்கல்லுக்கு வருமானம் வறண்ட இரண்டு காலங்கள் உறுதி. மழை பொய்த்த ஆண்டில் இந்த ஆயிரமும் வராது. மழை மிஞ்சிய ஆண்டில், 2018, 2022, 2024 போல, லட்சம் கன அடிக்கு மேல் பாய்ந்து வரும். பாறை, பாதை, கம்பித் தடுப்பு எல்லாம் தண்ணீருக்குள் போய்விடும்.

தடையே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. 2015-ல் இங்கே பரிசல் கவிழ்ந்து ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஆறு பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் உயிர்காக்கும் மிதவை அங்கி, ஒரு பரிசலுக்கு இத்தனை பேர் என்ற வரம்பு எல்லாம் கண்டிப்பாக வந்தன. வெள்ளம் வரும்போது தடை போட்டே ஆக வேண்டும். நான் பேசிய பரிசல்காரரும் அதையேதான் சொன்னார். ஆற்றை அவரைவிட நன்றாக அறிந்த அதிகாரி யாருமில்லை. எந்தச் சுழி எந்த நீர்மட்டத்தில் இழுக்கும், எந்தப் பாறை எப்போது தலைகாட்டாமல் பதுங்கியிருக்கும் என்று பாட்டன் காலத்திலிருந்து கைமாறி வந்த அறிவு அவருடையது. "உசுரு முக்கியங்கண்ணா. நிறுத்தச் சொன்னா நிறுத்திக்கறோம். நிறுத்தின நாளைக்கு நாங்க எதத் திங்கறதுன்னு யாராச்சும் ஒரு வார்த்த சொல்லணுமில்ல?"

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் நம் மாநிலத்திலேயே இருக்கிறது, கடற்கரையில்.

தமிழ்நாட்டின் கிழக்குக் கடலில் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் முட்டையிட்டுப் பெருகுவதற்காக விதிக்கப்படும் தடை. 2001-ல் தொடங்கியபோது 45 நாளாக இருந்தது, 2017-ல் 61 நாளானது. இந்தத் தடைக்காலத்துக்கு ஒவ்வொரு மீனவக் குடும்பத்துக்கும் அரசு நிவாரணம் தருகிறது. இப்போது அது 8,000 ரூபாய். அது போக, மீன்பிடிப்பு குறைந்த காலத்துக்கென்று தனியாக ஓர் உதவித்தொகை உண்டு. சேமிப்பும் நிவாரணமும் சேர்ந்த திட்டம் ஒன்றும் உண்டு. இந்தத் தொகைகள் போதுமா என்று கேட்டால் நாகப்பட்டினத்திலோ இராமேஸ்வரத்திலோ ஒருவரும் போதும் என்று சொல்ல மாட்டார்கள். ஆனாலும் இதில் ஒரு கொள்கை இருக்கிறது. பொதுநலனுக்காக ஒருவரின் தொழிலை அரசு நிறுத்தினால், நிறுத்திய நாளுக்கு அரசு பதில் சொல்ல வேண்டும் என்ற கொள்கை. கடலோரத்தில் அதை ஏற்றுக்கொண்டுவிட்டோம். அதே மாநிலத்தில், அதே பொதுநலனுக்காக, ஆற்றில் தொழில் செய்கிறவரை நிறுத்துகிறோம். அவருக்கு அப்படிப்பட்ட நிவாரணம் கிடையாது.

கடலுக்கு ஒரு நீதி, ஆற்றுக்கு ஒரு நீதி என்று உலகம் முழுக்க இருப்பதாக நினைக்க வேண்டாம். பிரேசில் நாட்டில் மீன்பிடி தடைக்காலத்தில் சிறு மீனவர்களுக்கு மாதம் ஒரு குறைந்தபட்ச ஊதியத்துக்குச் சமமான தொகையை அரசு தருகிறது. 1991-ல் சட்டமாக வந்த ஏற்பாடு அது. கடல் மீனவருக்கு மட்டும் என்று அவர்கள் அதை வைத்துக்கொள்ளவில்லை. அமேசான் போன்ற ஆறுகளில் வலை வீசுகிறவர்களுக்கும் அது உண்டு. அந்தத் திட்டத்தில் தகுதியில்லாதவர்கள் நுழைந்தார்கள், முறைகேடு நடந்தது என்ற புகார்களெல்லாம் அங்கேயும் எழுந்தன. அதற்காக அந்த நாடு திட்டத்தையே கைவிட்டுவிடவில்லை.

ஒகேனக்கல்லில் இதைச் செய்வது அதைவிடச் சுலபம். பரிசல் ஓட்டிகள் சில நூறு பேர்தான். அவர்கள் அனுமதி பெற்று ஓட்டுகிறவர்கள், பெயர்ப் பட்டியல் நிர்வாகத்திடம் இருக்கிறது. எண்ணெய் தேய்ப்பவர்களையும் சமையல் செய்யும் பெண்களையும் அதேபோலக் கணக்கெடுத்து அடையாள அட்டை கொடுப்பது ஒரு மாத வேலை. தடை தொடங்கிய நாளும் நீங்கிய நாளும் மாவட்ட ஆட்சியரின் ஆணையிலேயே தேதியோடு இருக்கின்றன. கடலில் தடைக்காலம் 61 நாள் என்று முன்பே தெரியும். இங்கே அது ஒரு வாரமும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். அதனால் மொத்தத் தொகையாகக் கொடுக்காமல் நாள் கணக்கில் கொடுக்கலாம். தடை நீடித்த ஒவ்வொரு நாளுக்கும் இவ்வளவு என்று. இதற்கு நிபுணர் குழு எதுவும் போடத் தேவையே இல்லை.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். பரிசல் சவாரிக் கட்டணத்திலும் வாகனக் கட்டணத்திலும் ஒரு பகுதி உள்ளாட்சிக்குப் போகிறது. கூட்டமுள்ள நாளில் வருகிற அந்தப் பணத்தில் ஒரு பங்கைக் கூட்டமில்லாத நாளுக்கு ஒதுக்கிவைப்பது எந்தச் சம்சாரியும் செய்கிற காரியம். அறுவடை நெல்லில் விதைநெல்லை எடுத்துவைக்காமல் யாராவது சாப்பிட்டுத் தீர்ப்பார்களா? மிச்சத்தை மாநில அரசு போடட்டும்.

"சீசனில் நன்றாகச் சம்பாதிக்கிறார்கள், சேர்த்துவைக்கக் கூடாதா?" என்று கேட்கிறவர்களும் உண்டு. தருமபுரியிலேயே கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பொங்கல் வாரத்தில் ஒரு பரிசல்காரர் கையில் புரள்கிற பணத்தைப் பார்க்கிறோம். அதில் பரிசலுக்குச் செலவு போவதை நாம் பார்ப்பதில்லை. பாறையில் உரசி உரசி மூங்கில் உடையும், தார் விடும், பரிசல் சீக்கிரமே ஓய்ந்துபோகும். முதலுக்கு வட்டிக்கு வாங்கியிருப்பார். 2020 மார்ச்சில் கொரோனா முடக்கம் வந்தபோது மாதக் கணக்கில் ஊர் மூடிக் கிடந்தது, அந்தக் கடனையே இன்னும் அடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தவிரவும், வருமானம் எந்த மாதத்தில் நிற்கும் என்று தெரிந்தால் சேர்த்துவைக்கலாம். நாளை காலை எத்தனை கன அடி வரும் என்று தெரியாத ஒருவரை எதற்குத் திட்டமிடச் சொல்கிறோம்? அப்படித் தெரியாமல் தவிப்பவர்கள் கடைசியில் எங்கே போகிறார்கள் என்பது எங்கள் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். பெங்களூரு, ஓசூர், திருப்பூர். பென்னாகரத்திலிருந்து இரவு பஸ்களில் மூட்டையோடு ஏறுகிறவர்களில் எத்தனை பேருக்குத் துடுப்புப் போடத் தெரியும் என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. துடுப்புப் பிடித்த கை சித்தாள் வேலைக்குப் போய்விட்டால், அந்தச் சுழிகளின் அறிவும் கூடவே போய்விடும். பிறகு வெள்ளத்தில் ஒருவர் சிக்கினால் யாரைக் கூப்பிடுவோம்? இப்போதும் ஆற்றில் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டால் தேடுவதற்குப் பரிசலோடு முதலில் இறங்குவது இவர்கள்தான்.

இன்னொரு கடனும் நமக்கு இருக்கிறது. எங்கள் ஊர்க் கிணற்றிலும் ஆழ்துளைக் கிணற்றிலும் வந்த தண்ணீரில் ஃபுளூரைடு அதிகம். என் தலைமுறையில் பாதிப் பேருக்குப் பல்லில் காவி ஏறியிருக்கும். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வது எங்கள் வகுப்புப் பெண்பிள்ளைகளின் வழக்கம். அது வெட்கத்தால் வந்ததென்று வெளியூர் ஆசிரியர்கள் நினைத்துக்கொண்டார்கள். முட்டி வளைந்து, முதுகு இறுகி, ஐம்பது வயதிலேயே கோலூன்றிய பெரியவர்கள் ஊருக்கு நான்கு பேர் இருந்தார்கள். அதற்கு மருந்தாகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனுதவியோடு 2008-ல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2013 மே மாதம் திறந்துவைக்கப்பட்டது. செலவு 1,928 கோடி ரூபாய். இன்று தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களும் குடிப்பது ஒகேனக்கல் தண்ணீரை. என் பேத்தியின் பல் வெள்ளையாக இருக்கிறது. சவாரிக்கு நாம் வராத நாளிலும் அந்த ஆறு நம் வீட்டுக் குழாய்க்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. அந்த ஆற்றங்கரையில் அடுப்புப் பற்றவைக்க வழியில்லாமல் ஒரு கிழவி உட்கார்ந்திருப்பதில் இரண்டு மாவட்டங்களுக்கும் பொறுப்பு உண்டு.

மெலிந்த காலத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. மார்ச்சில் நான் பார்த்த அந்தக் குப்பை, நீர் நிறைந்த நாளில் யார் கைக்கும் எட்டாது. பாறை வெளியே தெரிகிற இந்த இரண்டு மூன்று மாதங்களில்தான் அதை எடுக்க முடியும். எங்கே கண்ணாடி கிடக்கும், எங்கே சேறு ஆளை உள்ளே வாங்கும் என்று தெரிந்தவர்கள் பரிசல் ஓட்டிகள். கூலி கொடுத்து அவர்களைக் கொண்டே ஆண்டுதோறும் ஆற்றுப்படுகையைச் சுத்தம் செய்யலாம். 2022 நவம்பரில் இந்தப் பகுதியின் காடுகளைச் சேர்த்து 686 சதுர கி.மீ. பரப்பில் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயத்தை அரசு அறிவித்தது. இந்தக் காட்டிலும் ஆற்றிலும் யானை, முதலை, நீர்நாய், மென்னோட்டு ஆமை எல்லாம் வாழ்கின்றன. மனிதர்களுக்குச் சீசன் இல்லாத கோடையில் யானைகளுக்குச் சீசன். காட்டின் குட்டைகள் வற்றி அவை காவிரிக்கு இறங்கும் காலம் அதுதான். அவை காலை வைக்கிற இடத்தில் பாட்டில் சில்லு கிடக்கிறது. வனத்துறையும் சுற்றுலாத் துறையும் உள்ளாட்சியும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரே நாளில் முடிவெடுக்கக்கூடிய வேலை இது.

கண்ணாடிப் பாலம் வேண்டும், ரோப் கார் வேண்டும் என்ற கோரிக்கைகளை ஒவ்வோர் ஆடிப்பெருக்கின்போதும் கேட்கிறேன். வரட்டும். இங்கிலாந்தில் பிளாக்பூல் என்றொரு கடற்கரை ஊர். கோடை முடிந்தால் வெறிச்சோடிவிடும் அந்த ஊர், 1912 முதல் இலையுதிர் காலத்தில் கடற்கரைச் சாலை நெடுக விளக்கு அலங்காரம் செய்து தன் சீசனை நீட்டிக்கொண்டது. நூறாண்டு தாண்டியும் அந்த விளக்குகளைப் பார்க்கக் கூட்டம் வருகிறது. ஆனால் அதே பிளாக்பூல் இன்று அந்த நாட்டின் மிக ஏழ்மையான ஊர்களில் ஒன்று. விளக்கு எரிந்தது, விடுதியில் படுக்கை விரிப்பவருக்கும் சமையற்கட்டில் நிற்பவருக்கும் ஆண்டு முழுக்க நிற்கிற சம்பளம் ஏற்படவில்லை. ஒகேனக்கல்லுக்குப் பாலம் வந்தாலும் பாலத்துக்குக் கீழே ஓடுவது அதே காவிரிதான், வெள்ளம் வந்தால் அதே தடைதான். முதலில் ஆளைக் கவனித்துவிட்டு அப்புறம் பாலத்துக்குப் போகலாம் என்பது என் கட்சி.

மதியம் அந்த அம்மாவிடமே சாப்பிட்டேன். அரைக் கிலோ ரோகு வாங்கிக் கொடுத்தேன். ஓர் ஆளுக்கு அடுப்புப் பற்றவைப்பது அவருக்குக் கட்டுப்படியாகாது என்று எனக்குத் தெரியும். இருந்தும் மூன்று நாளாகக் குளிர்ந்து கிடந்த அடுப்பில் விறகை அடுக்கி, குழம்பு வைத்து, இரண்டு துண்டை வறுத்துத் தந்தார். பள்ளி விட்டு வந்த பேரனுக்கும் ஒரு தட்டு வைத்தார். கூலியைக் கொடுத்தபோது எண்ணிப் பார்க்காமல் முந்தானையில் முடிந்துகொண்டார். பஸ் ஏறும் வரை பையன் கூடவே வந்தான். பெரியவனானால் என்ன செய்வாய் என்று கேட்டேன். பரிசல் ஓட்டத் தெரியும் என்றான். நான் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பது அவனுக்கும் தெரிந்திருந்தது.

சீசன் இல்லாத நாளில் ஒருமுறை ஒகேனக்கல்லுக்குப் போய்வாருங்கள் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அருவி சிறுத்திருக்கும், பாறையைப் பார்க்கலாம். எண்ணெய் தேய்த்துக்கொள்ளுங்கள், மீன் சமைத்துச் சாப்பிடுங்கள், கொண்டுபோன பாக்கெட்டைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

அரசிடம் கேட்பது ஒன்றுதான். வரும் ஆடியிலும் நீர்வரத்து கூடும், பரிசலுக்கும் குளியலுக்கும் தடை விதித்து ஆணை வரும். வழக்கமாக அது ஒரே பத்தியில் முடிந்துவிடுகிறது. இந்த முறை இரண்டாவது பத்தி ஒன்று சேரட்டும்: தடை நீடிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் பரிசல் ஓட்டிக்கும், எண்ணெய் தேய்ப்பவருக்கும், சமையல் செய்யும் பெண்ணுக்கும் இவ்வளவு ரூபாய், இந்தத் தேதியில், இந்த வங்கிக் கணக்கில்.